தஞ்சைக் கணக்குகளும் தாதர்ப் பிள்ளைகளும்

தாதரிலும் மாதுங்காவிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வீதியில் மராத்தி. இவ்விரண்டையும் ஒருசேர அறிந்தாரை நாடி நிற்கும் கல்வித்துறை ஒன்று உண்டென்பதைப் பெற்றோருள் பலர் அறியார். பழைய தாள்களைக் காத்து, வகைப்படுத்தி, படித்துப் பொருள் கூறும் ஆவணவியலே அது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வழித் தம்பி ஏகோஜி தஞ்சையைக் கைக்கொண்டார். அவர் மரபு 1855 வரை அங்கு நிலவியது. குடிகள் பேசியது தமிழ். அரண்மனைக் கணக்கு எழுதப்பெற்றதோ மராத்தியில். அதுவும் தாதர் நிலையப் பலகையில் நாம் காணும் தேவநாகரி அன்று. மோடி என்னும் விரைவெழுத்து. தாளின் குறுக்கே முதலிற் கோடிழுத்து, எழுதுகோலை எடுக்காமலே சொல்லோடு சொல் தொடுத்துச் செல்வது அதன் இயல்பு. எழுதுவோர்க்கு எளிது, படிப்போர் பாடு சொல்லுந்தரமன்று!

அத்தாள்கள் கட்டுக்கட்டாக இன்றும் உள்ளன. சத்திரச் செலவு, கோயிற்கொடை, ஊழியர் சம்பளம் எல்லாம் அவற்றுள் அடங்கும். கல்வெட்டில் மன்னர் புகழைக் காணலாம். வழிப்போக்கன் உண்ட சோற்றின் செலவைக் காண இத்தகைய கணக்குகளே வேண்டும். 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இவற்றுட் சிலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அப்பணியின் அருமையை உணர்வோம். பழங்கணக்குச் சொல் ஒன்று அகராதியில் அகப்படாது. பேச்சு வழக்கில் ஒளிந்திருக்கும். சந்தையில் மராத்தி பேசிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு அது சட்டென்று புலப்படலாம்.

பயில வழி என்ன? மும்பை அரசு ஆவணக் காப்பகம் 1821-இல் தொடங்கியது. காலா கோடாவில், எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் உள்ளது. மகாராஷ்டிர ஆவணத் துறை மோடிப் பயிற்சி வகுப்புகளும் நடத்தி வந்துள்ளது. முதுகலை முடித்தோர்க்குத் தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் பள்ளி ஓராண்டுப் பட்டயப் படிப்பு அளித்து வந்துள்ளது.

வேலையோ? பொறியியலைப் போல எண்ணற்ற இடங்கள் இல்லை. இதை மறைப்பது முறையன்று. ஆயினும் அரசு அலுவலகங்களோடு கதவு மூடிவிடவில்லை. ரிசர்வ் வங்கி 1981-இல் புனேயில் தனக்கென ஆவணக் காப்பகம் நிறுவியது. கோத்ரெஜ் நிறுவனம் 2006-இல் விக்ரோலியில் நிறுவியது.

தேவநாகரி அறிந்த பிள்ளைக்கு மோடி எழுத்துகள் சில மாதப் பழக்கத்திற் பிடிபடும். தஞ்சைக் குமாஸ்தாவின் அவசரக் கையெழுத்துக்குத்தான் ஆண்டுகள் செல்லும்.