நான்கு தாள்களில் ஒரு நதி

சத்தியமங்கலம் சாலையில் அமைந்த கணபதி நொய்யலின் கரையில் இல்லாவிட்டாலும், சங்கனூர்ப் பள்ளத்தின் வழியே அந்நதியின் குடும்பத்தைச் சேர்ந்த கிராமமே என்பதை அதன் நெரிசலான வீதிகளில் நின்று உணர்வது சிரமம்; சர்வே ஆப் இந்தியா இலாகாவினர் மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சிட்ட பழைய தேசப்படங்களை விரித்துப் பார்த்தாலோ அவ்வுறவு தெள்ளெனப் புலப்படும்.

அப்படங்களின் அஸ்திவாரங்களில் ஒன்று நம் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே இடப்பட்டது. 1802இல் பரங்கிமலையருகே மகா திரிகோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், 1806இல் பச்சாபாளையத்தருகே இன்னோர் அடிக்கோட்டை அளந்தார். பின்வந்த சர்வேயர்கள் தேசத்தைக் கட்டங்களாகப் பிரித்தபோது, 11ஆம் அட்சரேகையும் 77ஆம் தீர்க்கரேகையும் கோயமுத்தூரை ஒட்டியே வெட்டிக்கொண்டமையால், கணபதி 58 ஏ/16 என்ற தாளிலும், உக்கடம் பெரியகுளம் 58 பி/13லும், சூலூர் 58 இ/4லும், சங்கனூர்ப் பள்ளத்து நீரை ஏற்கும் சிங்காநல்லூர்க் குளம் 58 எஃப்/1லுமாகப் பிரிந்துபோயின. கட்டம் பிரித்த இவ்வூர்களைச் சேர்த்து வைத்திருந்தது நீர் ஒன்றே என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெரியகுளம் இருக்கும் தாளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகளை அவசரமாகக் குறுக்கே வெட்டாமல், அவற்றை ஒட்டி மெல்லச் சாய்ந்து வருகிறது சித்திரைச்சாவடி அணையில் ஆற்றைப் பிரிந்த வாய்க்கால். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் என்று ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிவிடும் வரிசையை அது கோத்துச் செல்வதைக் காணும்போது, தியோடலைட் கருவி இந்நாட்டுக்கு வருமுன்பே நிலத்தின் சாய்வைக் கண்ணாலும் காலாலும் அளந்தறிந்த நம் முன்னோரின் நுட்பம் வியப்பளிக்கிறது. கரைக்கோட்டின் பக்கத்தில் ஓர் எண்ணும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் காணப்படுமாயின், அது அக்கரை சுற்றுநிலத்தைவிட எவ்வளவு உயர்ந்தது என்பதைக் குறிப்பது. கிணற்றருகே அதுவே ஆழத்தைக் குறிக்கும். குளத்துக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் வயல். வாய்க்கால் எட்டாத மேட்டில் கிணறுகளைக் காட்டும் சிறு வட்டங்கள், அவற்றை அடுத்துத் தோட்டத்துச் சாளைகள் சிவப்புப் புள்ளிகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன: ஆற்றுப் பாசனமும், மாடு பூட்டிக் கவலை இறைத்த வாழ்வும் அருகருகே நடந்த கொங்கு நாட்டின் அமைப்பு முழுவதும் அங்கே இருக்கிறது.

யாருடைய வயலுக்கு எந்த இரவில் மடை திறந்தார்கள், எவ்வூருக்கு எத்தனை நாள் முறை என்பவற்றைச் சர்வேயர் குறிக்கவில்லை. அவருக்கு இடப்பட்ட பணியும் அதுவன்று. ஆகையால் நொய்யல் கிராமங்களின் சரித்திரத்தை எழுத முற்படுவோர் நான்கு தாள்களையும் ஓரம் நறுக்கி ஒட்டிக்கொண்டு, சங்கனூர்ப் பள்ளத்தின் கரையில் விவசாயம் செய்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் சென்று, வாய்க்கால் முறைகளைக் கேட்டு அப்படத்தின் மீதே எழுதிக்கொள்ள வேண்டும்.