கணினிப் பராமரிப்பு நிறுவனங்களின் விற்பனைப் பெறுமதி: யாழ்ப்பாணக் குடாநாடு

மாதக் கட்டணத்துக்குப் பிறருடைய கணினிகள், வலையமைப்பு, காப்புப் பிரதிகள் ஆகியவற்றைப் பராமரிக்கும் நிறுவனம் கைமாறும்போது அதற்கு விலை தீர்மானிக்கும் முறை. இத்தகைய நிறுவனத்தில் கட்டடமோ இயந்திரமோ பெரிதாக இராது. வாங்குபவருக்குக் கிடைப்பவை ஒப்பந்தங்களும் அவற்றை நடத்தும் ஆட்களும்தான்.

வட்டி, வரி, பெறுமானத் தேய்வு கழிக்குமுன் உள்ள ஆண்டு இலாபத்தைச் சில மடங்காகப் பெருக்குவது வழமை. எத்தனை மடங்கு என்பதை வருமானத்தின் தன்மை தீர்மானிக்கும். எழுத்து ஒப்பந்தப்படி மாதாமாதம் வரும் பணத்துக்கு மடங்கு கூட. மடிகணினியும் கண்காணிப்புக் கமராவும் விற்ற இலாபத்துக்குக் குறைவு. ‘பழுதெண்டால் கூப்பிடுங்கோ’ என்ற வாய்ப்பேச்சில் ஓடும் வாடிக்கையை ஒப்பந்தமாகக் கணக்கிட முடியாது.

குடாநாட்டின் சிறு நிறுவனங்களில் கணக்கு பெரும்பாலும் பிசகுவது உரிமையாளரின் சம்பளத்தில். ஆண்டு இலாபம் 60 இலட்சம் ரூபா என்று ஏடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் சம்பளம் எடுப்பதில்லை. அவருடைய இடத்துக்கு மாதம் 3 இலட்சத்துக்கு ஒரு முகாமையாளரை வைத்தால் 36 இலட்சம் போய்விடும். வியாபாரச் செலவாக எழுதிய வீட்டுச் செலவு 6 இலட்சத்தைத் திருப்பிச் சேர்த்தால் உண்மை இலாபம் 30 இலட்சம். நான்கு மடங்கில் விலை 2 கோடி 40 இலட்சம் அல்ல, 1 கோடி 20 இலட்சம்.

பணத்தில் தெரியாத குறைகளும் உண்டு. வாடிக்கையாளரின் இணைய முகவரி உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். தீச்சுவரின் கடவுச்சொல் ஒரு தொழினுட்பவியலாளரின் கைபேசியில் மட்டும் இருக்கும். அவர் கனடாவுக்குப் போனால் ஒப்பந்தமும் ஆட்டம் காணும்.

ஒரே வாடிக்கையாளரில் தங்கியிருப்பதும் விலையைக் குறைக்கும். கொழும்பில் பெரும் மென்பொருள் மையம் வைத்திருந்த விர்ச்சூசா, சென்னையின் போலாரிஸ் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கப்போவதாக 2015 நவம்பரில் அறிவித்தது. போலாரிஸின் மிகப் பெரிய வாடிக்கையாளர் சிட்டி குழுமம். விர்ச்சூசாவை முன்னுரிமைச் சேவையாளராக ஏற்கச் சிட்டியும் அப்போதே உடன்பட்டது. மென்பொருள் வியாபாரமாயினும் பாடம் இங்கும் பொருந்தும்: முக்கிய வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பணம் கொடுக்குமுன் பெற வேண்டும்.

லண்டன், ரொறன்ரோ அலுவலகங்களுக்குத் தூரத்திலிருந்து சேவை செய்யும் நிறுவனங்களில் நாணய மாற்று கண்ணை மறைக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புது வாடிக்கையாளர் ஒருவர்கூடச் சேராமலே அவ்வருட ரூபா வருமானம் வீங்கியது. அந்த ஒரு வருடத்தை வைத்து விலை பேசக்கூடாது.

விலையின் ஒரு பங்கை உடனே கொடுத்து, வாடிக்கையாளர்கள் நிலைப்பதைப் பார்த்து மீதியை ஓரிரு வருடங்களில் கொடுப்பது பாதுகாப்பான ஏற்பாடு. உறவுக்குள் விற்கும்போது இதை எழுத்தில் கேட்கக் கூச்சப்படுவார்கள். எழுத்து மிகவும் தேவைப்படுவதும் அங்கேதான்.

பங்குகளை வாங்கினால் பழைய கடப்பாடுகளும் கம்பனியோடு வரும். ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் 3 சதவீதமும் கட்டியதற்கான பற்றுச்சீட்டுகளைப் பார்க்க வேண்டும். 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். அதற்கு ஒதுக்கீடு இல்லையென்றால் அந்தத் தொகையை விலையிலிருந்து கழிப்பதே முறை.