நாசி கண்டார் சாப்பிட்டாச்சு, அடுத்து வயிற்றுக்குள் என்ன நடக்கும்? எல்லா வலியும் 'கேஸ்ட்ரிக்'தானா?

ஜார்ஜ்டவுனில் ஒரு தட்டு நாசி கண்டார். சோறு, கோழி, வெண்டைக்காய், அதன் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றிய 'குவா பஞ்சிர்'. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு எரிகிறது. "கேஸ்ட்ரிக் வந்துடுச்சு" என்று ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறீர்களா?

வயிற்றில் எங்கே வலித்தாலும் நம்மில் பலர் சொல்வது இந்த ஒரே சொல்லைத்தான். ஆனால் செரிமான மண்டலத்தில் உறுப்புகள் பல. எந்த உறுப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால், எந்த வலியை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதும் புரியும்.

நாசி கண்டார் இதற்கு நல்ல உதாரணம். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு வைத்து, இரு பக்கமும் சோறும் குழம்பும் சுமந்து, பினாங்கு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு அது. 'கண்டார்' என்ற மலாய்ச் சொல் அந்தச் சுமையைத்தான் குறிக்கிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் ஒரே தட்டில் இருப்பதால் எல்லா உறுப்புக்கும் வேலை உண்டு.

வாயும் உணவுக்குழாயும்

செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க ஆரம்பிக்கும். சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிப்பது அதனால்தான்.

விழுங்கியதும் சுமார் 25 செ.மீ. நீள உணவுக்குழாய், தசைகளை அலை போலச் சுருக்கி உணவைக் கீழே தள்ளும். அதன் அடியில் உள்ள வளையத் தசை தளர்ந்தால், இரைப்பை அமிலம் மேலே ஏறும். அதுதான் நெஞ்செரிச்சல். ராத்திரி நிறைய சாப்பிட்டு உடனே படுத்தால் இது அதிகமாகும்.

இரைப்பை

இங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் நொதியும் கோழியின் புரதத்தை உடைக்கின்றன. இரைப்பை தன்னையே செரித்துவிடாதபடி ஒரு சளிப் படலம் காக்கிறது. உணவு கூழாகி வெளியேறச் சில மணி நேரம் ஆகும். கொழுப்பு கூடினால் இன்னும் தாமதமாகும். எண்ணெய்க் குழம்பு சாப்பிட்டால் வயிறு 'கம்'மென்று இருப்பது இதனால்தான்.

சிறுகுடலும் அதன் உதவியாளர்களும்

பெரும்பகுதி வேலை நடப்பது இரைப்பையில் அல்ல, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில். கல்லீரல் தயாரித்து, பித்தப்பை சேமித்து வைக்கும் பித்தநீர், கொழுப்பைச் சிறு துளிகளாக்கும். கணையத்தின் நொதிகள் மூன்று சத்துகளையும் உடைக்கும். அதன் கார நீர், இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தைத் தணிக்கும்.

சிறுகுடலின் உட்சுவரில் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் உள்ளன. அவை வழியாகத்தான் சத்துகள் உடலுக்குள் சேர்கின்றன. குடலின் உட்பரப்பை விரித்தால் ஏறக்குறைய அரைப் பூப்பந்து மைதானம் அளவுக்கு வரும்.

பெருங்குடல்

சுமார் 1.5 மீட்டர் நீளம். மிச்சமுள்ள தண்ணீரையும் உப்புகளையும் உறிஞ்சும். வெண்டைக்காயின் நார்ச்சத்தை நம் நொதிகளால் உடைக்க முடியாது. இங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைக்கும். வாயுவின் ஒரு பகுதி இப்படி வருவதுதான். தட்டில் இருந்தது முழுப் பாதையையும் கடக்க ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம்.

எங்கே வலிக்கிறது?

• நெஞ்சில் எரிச்சல், புளித்த ஏப்பம்: அமிலம் மேலேறியிருக்கலாம்.
• மேல் வயிற்றின் நடுவில் எரிச்சல்: இரைப்பை அழற்சி அல்லது புண்ணாக இருக்கலாம்.
• கொழுப்பு உணவுக்குப் பின் வலது மேல் வயிற்றில் கடும் வலி: பித்தக்கல்லாக இருக்கலாம்.
• தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது கீழ்ப்பக்கம் நகரும் வலி: குடல்வால் அழற்சியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காரம்தான் குற்றவாளியா?

மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டும். அதனால்தான் எரிகிறது. எரிச்சலைக் கூட்டுமே தவிர, இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் அது இல்லை. முக்கியக் காரணங்கள் இரண்டு: சில வலி நிவாரணி மாத்திரைகளும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும்.

இதைச் சொன்னபோது மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல், 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது நமக்கு ஏன் முக்கியம்? மலேசியாவில் நடந்த ஆய்வுகளில், இந்தக் கிருமித் தொற்று இந்தியர்களிடம் அதிகமாகவும் மலாய்க்காரர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. தொற்று உள்ள எல்லாருக்கும் நோய் வராது. ஆனால் சிலருக்குப் புண்ணும், அபூர்வமாகப் புற்றுநோயும் வரலாம். மூச்சுப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆன்டிபயாட்டிக்குகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுத்துக் குணப்படுத்தலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

'கேஸ்ட்ரிக்' அடிக்கடி திரும்பி வந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் கிளினிக் போய்க் காரணம் கேளுங்கள். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். தார் போல் கறுத்த மலம், ரத்த வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், கைக்குப் பரவும் வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 'கேஸ்ட்ரிக்' என்று காத்திருக்க வேண்டாம். உடனே 999ஐ அழையுங்கள்.