சாந்தோம் பாதிரியாரும் வெளிநாட்டு உறவும்

மத்திய அரசு வேலையில் சேருபவர் நிரப்பித் தரவேண்டிய படிவம் ஒன்று உண்டு. பெற்றோர் எந்த நாட்டவர், மனைவி அல்லது கணவர் எந்த நாட்டவர் என்றெல்லாம் அதில் கேட்பார்கள். வேலையில் திறமை காட்டப்போவது ஒருவர், விசாரணை மட்டும் குடும்பத்துக்கே! இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. இதன் பழைய உதாரணம் ஒன்று சென்னை சாந்தோமிலேயே இருக்கிறது.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1749-ல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. திரும்பி வந்த கும்பினிக்கு எங்கும் சந்தேகம். பக்கத்தில் இருந்த சாந்தோமில் அந்தோனியோ நொரோஞ்ஞா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் செல்வாக்கோடு இருந்தார். அவர் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேயின் மனைவி ழானுக்கு உறவினர். அந்த அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்தவர். அரசியலில் கணவருக்கு வலதுகை. அவருடைய ஆதிக்கத்தை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள் அறிவார்கள்.

1749 அக்டோபரில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் சாந்தோமைக் கைப்பற்றினார். நொரோஞ்ஞாவைக் கைது செய்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். இந்தச் சந்தேகம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. பாதிரியார் பிரெஞ்சுத் தரப்புக்கு வேண்டியவராகவே நடந்துகொண்டார்.

ஆனால் கும்பினி அதோடு நிற்கவில்லை. நொரோஞ்ஞா கத்தோலிக்கர், பிரெஞ்சுக்காரர்களும் கத்தோலிக்கர். ஆகவே கத்தோலிக்கர் எல்லோருமே சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று கணக்குப் போட்டது. கோட்டைக்குள் இருந்த அவர்களுடைய தேவாலயம் பறிபோனது. வெள்ளையர் பட்டினத்தில் அவர்கள் குடியிருக்கவும் தடை வந்தது.

இதில் மிகவும் வேதனையானது பெட்ரஸ் உஸ்கான் கதை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் சொந்தச் செலவில் பாலம் கட்டிய ஆர்மீனிய வணிகர் இவர். பிரெஞ்சு ஆட்சியில் அவர்கள் பக்கம் சேர மறுத்துத் தன் சொத்துக்களை இழந்தவர். ஆங்கிலேயருக்கு இதைவிட வேறென்ன விசுவாசம் காட்ட முடியும்? ஆனாலும் அவர் கத்தோலிக்கர். அவர் கட்டிய வேப்பேரி ஆலயத்தையும் கும்பினி விட்டுவைக்கவில்லை. அவர் 1751-ல் இறந்தார். அடுத்த ஆண்டு அது புராட்டஸ்டண்ட் மிஷனரி ஃபப்ரிசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

உறவை வைத்து ஒருவரைச் சந்தேகித்தது ஓரளவு சரியாக இருந்தது. அதே சந்தேகத்தை ஒரு சமூகத்தின் மேல் போட்டபோது உண்மையான நண்பனே அடிபட்டான்.

சுதந்திர இந்தியாவிலும் இந்தக் கேள்வி எழுந்தது. வெளியுறவுத் துறை அதிகாரி கே.ஆர்.நாராயணன் பர்மியப் பெண் மா டின்ட் டின்ட்டைத் திருமணம் செய்ய விரும்பினார். வெளிநாட்டவரை மணக்க விதி இடம் தரவில்லை. பிரதமர் நேரு சிறப்பு அனுமதி கொடுத்தார். 1951-ல் திருமணம் நடந்தது. உஷா என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த அம்மையார் இந்தியக் குடிமகள் ஆனார். 1997-ல் அவர் கணவர் குடியரசுத் தலைவரானார், அதாவது முப்படைகளின் தலைமைத் தளபதி! விதியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் நாடு யாரை இழந்திருக்கும்?

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், வெளிநாட்டவரை மணந்தால் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. அங்கே திருமணம் குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். அமெரிக்காவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள பாதுகாப்பு ஒப்புதல் நெறிகளும் வெளிநாட்டு உறவு இருக்கிறதா என்பதோடு நிற்பதில்லை. அது எந்த நாடு, உறவு எவ்வளவு நெருக்கம் என்றும் பார்க்கின்றன.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று உறவினர் பரவியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது முக்கியமான விஷயம். அரசு கேள்வி கேட்கட்டும், அது அதன் கடமை. ஆனால் பதிலை அவரவர் நடத்தையில்தான் தேட வேண்டும். நொரோஞ்ஞாவையும் உஸ்கானையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.