அனைத்துத்தட டயரும் சேற்றுத்தட டயரும்

அனைத்துத்தட டயர் (ஆல் டெரைன் அல்லது ஏ/டி), சேற்றுத்தட டயர் (மட் டெரைன் அல்லது எம்/டி) என்பன ஜீப்பு, எஸ்யூவி முதலிய வண்டிகளைத் தார்ச்சாலைக்கு வெளியேயும் ஓட்டுவதற்காகப் பயன்படும் இரு டயர் வகைகள் ஆகும். முன்னது தார், சரளை, கல், மண் ஆகிய எல்லாத் தரைகளிலும் ஓரளவு நன்றாக ஓடும்படி அமைக்கப்பட்டது. பின்னது ஆழமான சேற்றிலும் பாறையிலும் மிகுந்த பிடிப்புத் தருவது. ஆனால் ஈரமான தார்ச்சாலையில் அதன் பிடிப்புக் குறைவு. ஆகவே, ஒரு வண்டிக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதை, அவ்வண்டி எந்தத் தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இத்தேர்வின் சிக்கலை விளக்க ஏற்ற இடமாகும். இங்கு ஒரே நாளில் ஒரு ஜீப்பு சமவெளித் தார்ச்சாலை, கொண்டை ஊசி வளைவுகள், ஏலத்தோட்டத்துச் சேறு ஆகிய மூன்றையும் கடக்க நேரிடுகிறது.

டயரின் மேற்பரப்பு

டயரில் தரையைத் தொடும் பகுதி மிதிபரப்பு எனப்படும். இதில் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டைகளை ஓட்டுநர்கள் 'பட்டன்' என்பர். பெரிய பட்டன்களும் அகன்ற இடைவெளிகளும் கொண்ட டயர் பேச்சு வழக்கில் 'பட்டன் டயர்' எனப்படுகிறது. ஒரு டயரின் இயல்பைத் தீர்மானிப்பவை பின்வருவன:

• இடைவெளி: பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளம். இது அகலமாக இருந்தால் சேறு உள்ளே புகுந்து, சக்கரம் சுழலும்போது வெளியே வீசப்படும். குறுகலாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு டயர் வழுவழுப்பாகிவிடும்.
• நுண்கீற்று: பட்டன்களின் மேல் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள். ஈரத் தாரில் உள்ள மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்து ரப்பர் தரையைத் தொட இவை உதவுகின்றன.
• பக்கச்சுவர்: ரிம்முக்கும் மிதிபரப்புக்கும் இடைப்பட்ட பகுதி. கூரிய கல் குத்திக் கிழிப்பது பெரும்பாலும் இங்கேதான். இங்கு ஏற்படும் கிழிசலைச் சாதாரண பஞ்சர் போல ஒட்ட இயலாது.

வரலாறு

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வில்லிஸ் ஜீப்பில் 6.00-16 அளவுள்ள டயர்கள் இருந்தன. முன்னும் பின்னும் ஒரே தோற்றம் கொண்ட பட்டன்கள் இவற்றின் அடையாளம். இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் பின் வந்த பல மகிந்திரா ஜீப்புகளிலும் 6.00-16 அளவே தொடர்ந்தது. இவ்வகைப் பழைய டயர்கள் குறுக்கிழை அமைப்புக் கொண்டவை. உள்ளே டியூப் உள்ளவை.

பின்னர் பரவிய ரேடியல் அமைப்பு, மிதிபரப்பைத் தட்டையாகத் தரையில் பதியச் செய்தது. அமெரிக்காவின் பிஎஃப்குட்ரிச் நிறுவனம் 1976 இல் ரேடியல் அனைத்துத்தட டயரை வெளியிட்டது. இந்தியாவில் இன்று இவ்வகை டயர்கள் தொழிற்சாலையிலிருந்தே சில வண்டிகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. 2020 இல் வெளிவந்த மகிந்திரா தார் ஏ/டி டயர்களுடன் விற்பனைக்கு வந்தது. நாற்சக்கர உந்து கொண்ட மற்றொரு வண்டியான மாருதி சுசுகி ஜிம்னி, 2023 இல் நெடுஞ்சாலை (எச்/டி) டயர்களுடன் வெளிவந்தது. கரட்டுப் பாதைக்கான வண்டி என்றாலே பெரிய பட்டன் டயர் வேண்டும் என உற்பத்தியாளர்களே கருதுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

ஒப்பீடு

• ஈரத் தார்: ஏ/டி டயரில் தாரைத் தொடும் ரப்பர் மிகுதி, நுண்கீற்றுகளும் உண்டு. எம்/டி டயரில் பட்டன்களின் உச்சி மட்டுமே தாரைத் தொடும், கீற்றுகள் குறைவு. தேங்கி நிற்கும் நீரை எம்/டி டயரின் ஆழ்ந்த பள்ளங்கள் நன்றாகவே வெளியேற்றும். ஆனால் மழை தூறி நனைந்த வழுவழுப்பான சாலையில் இந்த நன்மை பயன்படுவதில்லை.
• சேறு: எம்/டி தெளிவாக மேலானது. பிசுபிசுப்பான களிமண்ணில் ஏ/டி டயரின் பள்ளங்கள் விரைவில் அடைத்துக்கொள்ளும்.
• பாறை, பெருங்கல்: எம்/டி டயரின் தடித்த பக்கச்சுவரும் பக்கவாட்டுப் பட்டன்களும் உதவும். காற்றழுத்தத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டினால் ஏ/டி டயரும் பெரும்பாலான கல் தடங்களைக் கடக்கும்.
• மணல்: எம்/டி டயர் மணலைத் தோண்டிக் கீழே புதையக்கூடியது. காற்றுக் குறைத்த ஏ/டி டயர் மணலின் மேல் பரந்து மிதப்பது எளிது.
• எரிபொருள், ஓசை, தேய்மானம்: எம்/டி கனமானது. உருளும்போது தடை மிகுதி, இரைச்சலும் மிகுதி. தார்ச்சாலையில் அதன் பட்டன்கள் ஒருபுறமாகச் சீரற்றுத் தேயும்.

கம்பம் பள்ளத்தாக்கின் தடங்கள்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் நடுவே அமைந்துள்ளது. முல்லைப் பெரியாற்று நீரால் பாசனம் பெறுகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முதன்மை ஊர்கள். பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்கு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைச்சாலைகள் வழியாகச் செல்லலாம். கொல்லம்–தேனி தேசிய நெடுஞ்சாலை (எண் 183) குமுளி வழியாகவும், கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலை (எண் 85) போடிமெட்டு வழியாகவும் செல்கின்றன. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் தொழிலாளர்கள் பலர் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து அதிகாலையில் ஜீப்புகளில் மலை ஏறி, மாலையில் திரும்புகின்றனர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பள்ளத்தாக்கு ஏறத்தாழ உலர்ந்திருக்கும்போதே மலை முகட்டில் மழையும் மூடுபனியும் இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் மலையின் தமிழகச் சரிவும் நனையும். தோட்டத்துக்குள் செல்லும் மண் தடம் சேறாகி, மாலையில் வண்டி அச்சேற்றைப் பட்டன்களில் சுமந்துகொண்டே தார்ச்சாலைக்கு வருகிறது. அச்சேறு உதிரும் வரை எந்த வகை டயருக்கும் தாரில் முழுப் பிடிப்புக் கிடைப்பதில்லை. தொழிலாளர் நிறைந்த வண்டி இறக்கத்தில் செல்லத் தொடங்கும் நேரமும் அதுவே.

போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், வண்டியில் அங்குச் செல்ல இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்தே தடம் உள்ளது. பெருங்கற்கள் நிறைந்த இத்தடத்தில் ஜீப்புகள் நடைவேகத்தை ஒட்டியே செல்கின்றன. இங்குச் சேற்றைவிடக் கல்லே முதன்மை இடர் ஆகும்; எனவே பக்கச்சுவரின் வலிமை கருதத்தக்கது.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை தார் இடப்பட்டது. அதிலிருந்து பிரியும் தேயிலைத் தோட்டத் தடங்களில் கல்லும் மண்ணும் கலந்திருக்கும். மேகமலை 2009 இல் வனவிலங்கு உய்விடமாகவும், 2021 இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. எந்த டயர் பொருத்திய வண்டியாயினும், இக்காட்டுப் பகுதியில் அனுமதியின்றிச் சாலையை விட்டு விலகி ஓட்டுதல் குற்றமாகும். வருசநாட்டுப் பக்கத்தில் மூல வைகையின் வறண்ட படுகை போன்ற இடங்களில் மணல் ஓட்டமே தேவைப்படுகிறது.

ஈர இறக்கத்தில் நிறுத்தும் தொலைவு

பிடிப்பில் ஏற்படும் சிறு குறைவு மலை இறக்கத்தில் பெரிதாகிறது என்பதைக் கணக்கின் மூலம் அறியலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் உராய்வுக் கெழு 0.6 எனக் கொண்டால், பிரேக் பிடித்த பின் சமதரையில் அது ஏறத்தாழ 10.5 மீட்டரில் நிற்கும். கெழு 0.45 ஆயின் 14 மீட்டர் தேவைப்படும், வேறுபாடு 3.5 மீட்டர். அதே வண்டி 12 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் சென்றால், முறையே 12.2 மீட்டரும் 17.2 மீட்டரும் ஆகின்றன. வேறுபாடு ஏறத்தாழ 5 மீட்டராக உயர்கிறது. இது ஒரு ஜீப்பின் நீளத்தைவிட மிகுதி. ஓட்டுநர் இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் வரை ஓடும் தூரம் இதில் சேரவில்லை. இக்கெழுக்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை; டயரின் தயாரிப்பு, தேய்மானம், சாலையின் தன்மை ஆகியவற்றுக்கேற்ப இவை மாறும்.

தேர்வு

பள்ளத்தாக்கில் குடியிருந்து, வார இறுதியில் கொழுக்குமலை போன்ற தடங்களுக்குச் செல்லும் வண்டி தன் ஓட்டத்தில் பெரும்பகுதியைத் தாரிலேயே கழிக்கிறது. இதற்கு ஏ/டி பொருந்தும். நாள்தோறும் மலைச்சாலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் இதுவே பொருந்தும். அவ்வண்டி சேற்றில் சிக்கினால் நேரமும் அன்றைய கூலியில் ஒரு பகுதியும் இழப்பாகலாம். ஈர வளைவில் வழுக்கினால் இழப்பு உயிராகும். தோட்டத்தை விட்டு வெளியே வராமல் மழைக்காலம் முழுதும் உரமும் ஏலக்காயும் சுமக்கும் வண்டிக்கு எம்/டி தகுந்தது. சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு எச்/டி போதும்.

முன் சக்கரங்களில் சாதாரண டயரும் பின் சக்கரங்களில் மட்டும் பட்டன் டயரும் பொருத்துவது ஏற்றத்தில் உதவும். எனினும் ஈர வளைவில் முன்பக்கம் பிடித்துப் பின்பக்கம் விலகிச் சுழல வாய்ப்புள்ளது. ஆகவே நான்கு சக்கரங்களிலும் ஒரே வகை டயர் இருப்பது நல்லது. ஸ்டெப்னியும் அதே வகையாக இருத்தல் வேண்டும்.

காற்றழுத்தம்

கல், மணல் தடங்களில் காற்றழுத்தத்தைக் குறைத்தால் டயர் பரந்து பதிந்து பிடிப்பு மிகும். ரேடியல் டயர்களில் 18 முதல் 20 பவுண்டு வரை குறைப்பது வழக்கம். 15 பவுண்டுக்கும் கீழே இறக்கினால், வளைவில் டயர் ரிம்மை விட்டு நழுவக்கூடும். டியூப் உள்ள டயர்களில் அழுத்தம் குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூப்பின் வால்வு கிழியக்கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும், இறக்கத்தைத் தொடங்கும் முன்பே, உற்பத்தியாளர் குறித்த அழுத்தத்துக்குக் காற்று நிரப்புதல் இன்றியமையாதது.

அளவு, பாரம், சட்டம்

245/75 ஆர்16 என்னும் குறியீட்டில் 245 என்பது அகலம் (மில்லிமீட்டர்). 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம் (அங்குலம்). இதன்படி டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 774 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 265/75 ஆர்16 பொருத்தினால் விட்டம் 804 மில்லிமீட்டராகும். அப்போது வேகமானி 60 காட்டும்போது, முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு மிகுதியான வேகத்தில் வண்டி ஓடும்.

பக்கச்சுவரில் உள்ள பாரக் குறியெண் 100 எனில் ஒரு டயர் 800 கிலோகிராமும், 104 எனில் 900 கிலோகிராமும், 109 எனில் 1,030 கிலோகிராமும் தாங்கும். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் வண்டியில் இவ்வரம்பு எளிதில் கடக்கப்படுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. எனவே உற்பத்தியாளர் ஏற்ற அளவுகளுக்குள் டயரைத் தேர்வதே முறை. கார், ஜீப்பு முதலியவற்றில் மிதிபரப்பின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆனால் சேற்றுப் பிடிப்பு இவ்வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே போய்விடும்.

பராமரிப்பு

பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 2323 என்பது 2023 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகி ஈரப் பிடிப்புக் குறையும். கல் தடத்தில் ஓடிய பின் பட்டன்களுக்கு இடையே சிக்கிய கற்களை நீக்குதலும், உட்புறப் பக்கச்சுவரில் வெட்டு உள்ளதா எனப் பார்த்தலும் தேவை. ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களையும் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் பொருத்தினால் தேய்மானம் சீராகும்.

இவற்றையும் பார்க்க

• கம்பம் பள்ளத்தாக்கு
• கொழுக்குமலை
• போடிமெட்டு
• ஏலமலை
• நாற்சக்கர உந்து