வாத்து இறகு கேட்ட ராஜா

உள்ளரங்க வில்வித்தையில் இலக்கு 18 மீட்டர் தூரத்தில்தான் இருக்கும். காற்றுத் தொல்லையும் கிடையாது. அதனால் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, நீளமான நிஜப் பறவை இறகையே அம்பில் ஒட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அம்பின் ஆட்டத்தை அது சீக்கிரம் அடக்கிவிடும். இதைப் படிக்கப் போய்த்தான் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியிடம் மாட்டிக்கொண்டேன்!

1415-இல் அஜின்கோர்ட் போரில் அவரை ஜெயிக்க வைத்ததில் வில்லாளிகளுக்குப் பெரும் பங்கு. ஆனால் பிரான்சோடு சண்டை அதோடு முடியவில்லை. 1417-இல் ஒவ்வொரு கூஸ் வாத்திடமிருந்தும் ஆறு சிறகு இறகுகளைப் பிடுங்கி அனுப்பும்படி ஷெரீஃப்களுக்கு உத்தரவு போட்டார். அடைகாக்கும் வாத்துக்கு மட்டும் விலக்கு (பெரிய மனசுதான்!). 1418-இல் கேட்டது 11,90,000 இறகுகள்.

காமர்ஸ் படிக்கிறவன் கை சும்மா இருக்குமா? ஆறு ஆறாக வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வாத்துகள். ஓர் அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் வளைவு ஒத்துப்போகாமல் அம்பு சரியாகச் சுழலாது. ஒரு பக்கத்துக்கு மூன்று என்றுதான் ஆறு கேட்டாரோ என்னவோ, இது என் ஊகம்.

ஆக, நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான அம்புகள். அஜின்கோர்ட்டில் இருந்ததுபோல் சுமார் 5,000 வில்லாளிகள், ஆளுக்கு நிமிடத்துக்குப் பத்து அம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை கிராமத்து வாத்துகளின் இறகும் எட்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அந்த வாத்துக்காரர்களுக்குக் காசு கொடுத்தார்களா என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.