இராணி மீனாட்சி (ஆட்சி: 1732–1736)

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட மதுரை நாயக்கர்களின் கடைசி அரசி. பாண்டிச்சேரி வரலாற்றை எழுதுவோர் இவரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமான கதையை இவருடைய வீழ்ச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இராணி மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் இறந்தபோது, அவர் மனைவியான மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். திருவரங்கம் கோயிலில் கைகூப்பி நிற்கும் விஜயரங்கரின் சிலைக்குப் பக்கத்தில் இருப்பது மீனாட்சியே என்பர். வாரிசாக, பங்காளி முறையினரான பங்காரு திருமலையின் மகன் விஜயகுமாரனைச் சுவீகாரம் எடுத்தார். மகன் அரசனானால் போதும் என்று பங்காரு திருமலை இருக்கவில்லை. அரியணை தனக்கே உரியது என்றார்.

இந்தப் பங்காளிச் சண்டைக்குள் ஆற்காடு புகுந்தது. நவாப் தோஸ்த் அலிகான், கப்பம் வசூலிக்க மகன் சஃப்தர் அலியையும் மருமகன் சந்தா சாகிபையும் 1734இல் தெற்கே அனுப்பினார். சஃப்தர் அலி பங்காரு பக்கம் சாய்ந்தார். மீனாட்சி சந்தா சாகிபிடம் பேரம் பேசினார்: ஒரு கோடி ரூபாய் தருவது, பதிலுக்கு அவர் அரியணையைக் காப்பது. திருக்குர்ஆன் மீது சந்தா சாகிப் சத்தியமும் செய்தாராம். குர்ஆன் என்று காட்டிய பட்டுத்துணிக்குள் இருந்தது வெறும் செங்கல் என்பது ஊர்க்கதை. செங்கல்லோ இல்லையோ, சத்தியம் நிலைக்கவில்லை. 1736இல் மறுபடி வந்தவரை நம்பிக் கோட்டைக்குள் விட்டார் அரசி. பங்காருவைத் துரத்தும் வரை பணிவாக இருந்த சந்தா சாகிப், பிறகு அரசியைச் சிறைவைத்தார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார்.

திருச்சி கையில் இருந்ததால் சந்தா சாகிபால் தஞ்சையை நெருக்க முடிந்தது. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரருக்குத் தருவதாகச் சொல்லித் தஞ்சை மன்னர் பின்வாங்க, சந்தா சாகிபின் படை அதைப் பிடித்து 1739 பிப்ரவரியில் அவர்களிடம் கொடுத்தது. அந்த நன்றியைப் பாண்டிச்சேரி மறக்கவில்லை. 1740 மே மாதம் தோஸ்த் அலி மராத்தியரோடு பொருது மடிந்ததும், நவாபின் குடும்பமும் சந்தா சாகிபின் மனைவியும் மகனும் பாண்டிச்சேரிக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்கும்படி மராத்தியர் மிரட்டியும் பிரெஞ்சு ஆளுநர் துய்மா அசையவில்லை. சந்தா சாகிபோ 1741இல் மராத்தியரிடம் திருச்சியை இழந்து சிறைப்பட்டார். அடுத்த ஆளுநர் துய்ப்ளே அவரை மீட்க உதவினார். 1749இல் ஆம்பூர்ப் போரில் வென்று பாண்டிச்சேரி வந்த சந்தா சாகிப் வில்லியனூர்ப் பகுதியைப் பிரெஞ்சுக்காரருக்கு எழுதிக் கொடுத்தார்.

1752இல் திருச்சி முற்றுகை தோற்று, தஞ்சைத் தளபதி மனோஜியிடம் சரணடைந்த சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டு இறந்தார். நாயக்கர்களுக்கு அதனால் எதுவும் திரும்பவில்லை. மராத்தியர் வந்தால் அரசு கிடைக்கும் என்று நம்பியிருந்த பங்காருவையும் 1741இல் அவர்கள் அரியணையில் ஏற்றவில்லை. திருச்சி மராத்தியத் தளபதி முராரி ராவிடம் போய், 1743இல் நிஜாம் வசமாயிற்று.